ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம்

விஜயதசமி அன்று எங்கள் வீடு இரண்டு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கப்பட்டபோது நான் ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்தில் சேர்ந்துவிட்டேன். என் மனைவி கோகிலவாணி இன்னொரு பக்கத்தில் இருந்தாள். மற்றபடி வீடு அதேதான். சமையலறை ஒன்றுதான், கட்டிலும் ஒன்றுதான். அவள் கேட்டால் நான் பதில் சொல்லலாம். நானாகப் பேச்சை ஆரம்பித்தால் அது அவளிடம் போய்ச் சேராது.

வீட்டைப் பிரித்தே ஆக வேண்டும் என்றவள் கோகிலாதான். ஃப்ரிட்ஜ் மேல் அவளுக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது. நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்பதை அது வெளியே சொல்லிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஈஸ்வரியக்கா ஒருநாள் வாசலில் நிறுத்தி, “அந்தப் பழைய சாம்பாரக் கொட்டிப்போடு கோகிலா, எத்தன நாளைக்குத்தான் சூடு பண்ணுவ?” என்று கேட்டிருக்கிறார். கோகிலா சாம்பாரைக் கொட்டிவிட்டு ஃப்ரிட்ஜோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் பிரிப்பதற்குக் காரணமாக அமைந்தது டிவி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் ஸ்டூல் மேல் நின்று ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தேன். கோகிலா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வங்கியில் அதிகாரி.

“ஏனுங்க, எனக்குப் புரமோஷன் வந்திருக்குதுங்க” என்றாள். “ஆனா தூத்துக்குடிக்குப் போகோணும். வெள்ளிக்கெழமைக்குள்ள சரின்னோ வேண்டாம்னோ சொல்லோணுமாம்.”

“பாக்கலாம் அம்மிணி” என்றேன்.

என் கண்ணில் ஒட்டடை விழுந்திருந்தது. இறங்கி, கண்ணைக் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்ல நினைத்தது இதுதான்: நீ சரின்னு சொல்லு, நானும் கூட வர்றேன். அந்தப் பதவிக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நான் கணபதிப் பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் ஓட விட்ட பம்புகளின் சத்தத்தைக் கேட்டு நல்லது கெட்டது பிரிப்பவன். பம்பு தூத்துக்குடியிலும் ஓடத்தான் செய்யும். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நான் இறங்கியபோது அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அப்புறம் பூஜை வேலை வந்துவிட்டது.

மறுநாள் காலை டிவியைப் போட்டதும், தூத்துக்குடியில் கடல்காற்று வரும் இரண்டு படுக்கையறை வீடு வாடகைக்கு இருப்பதாக அது சொன்னது. அடுத்து சாமான் ஏற்றி இறக்கும் லாரிகளைக் காட்டியது. அதற்கடுத்து அந்த ஊர் மக்ரூன் இனிப்பு. கோகிலா ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

“இது நாம பேசறதையெல்லாம் ஒட்டுக்கேக்குது” என்றாள். உடனே தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

அவள் தம்பி பூபதிக்குப் பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. மச்சினனைக் கருமி என்று சொல்லக்கூடாது, சிக்கனமானவன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்டர்நெட் விஷயங்களையும் அவன்தான் எங்கள் சொந்தபந்தத்துக்கெல்லாம் பார்த்துக்கொடுப்பான். விஜயதசமி அன்று எந்த நல்ல காரியத்தையும் தொடங்கலாம் என்று காலையிலேயே வந்துவிட்டான்.

“கடையில போய்க் கேட்டா பெருசு பெருசா எதையாச்சும் தலையில கட்டிருவாங்கக்கா” என்றான். “பரண்ல பழைய இன்டர்நெட் பெட்டி கெடக்குதல்ல? அது போதும்.”

பொங்கல் பானைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். எங்களுக்குப் புரியும்படி விளக்கவும் செய்தான்.

“இப்ப ஓடிட்டிருக்கற பெட்டி வெளிப்பெட்டி. சாமானெல்லாம் அதுலயே கெடக்கட்டும், ஒண்ணையும் தொட வேண்டாம். பழைய பெட்டிய அதுக்கு உள்ளார மாட்டறேன். இது உள்பெட்டி. மனுசங்கள மட்டும் இதுக்கு மாத்திக்கலாம். உள்ள இருக்கறவங்க வெளிய இருக்கறத என்ன வேணும்னாலும் கேக்கலாம். கேட்டா அது பதில் சொல்லும். அதுவா வந்து உள்ள பேச முடியாது. ரோட்டுல இருந்து எவன் வந்தாலும் அதே கதைதான்.”

“செலவு?” என்றாள் கோகிலா.

“ஒரு வயருங்கக்கா. அதும் கடையில சும்மா கெடந்தது.”

எது எது சாமான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க அவனுக்குப் பொறுமையில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. முந்தின நாள் பூஜையில் கோகிலா வீட்டில் வேலை செய்யும் எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருந்தாள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, கேமரா வைத்த காலிங் பெல், போனிலேயே போட்டு நிறுத்தும் மோட்டார் ஸ்டார்ட்டர், ஹால் பல்பு, என் போன் எல்லாம் பொட்டோடு இருந்தன. கடைசியில் கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மிஞ்சியது. “நீங்களுந்தான் இந்த வீட்டுக்கு ஒழைக்கறீங்க” என்று சிரித்துக்கொண்டே என் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டாள். மறுபூஜை முடிகிறவரை பொட்டை அழிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் அழிக்கவில்லை.

பூபதி பொட்டு இல்லாதவற்றை மட்டும் உள்பெட்டிக்கு மாற்றினான். கோகிலா ஸ்டிக்கர் பொட்டு வைப்பவள், சந்தனம் இல்லை, அதனால் உள்ளே. பூஜையன்று லீவு என்பதால், தம்பியிடம் பேசி முடித்ததும் அவள் போனும் லேப்டாப்பும் அலமாரிக்குப் போயிருந்தன, பூஜைக்கு வரவில்லை, அவையும் உள்ளே. டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி உண்டு. அதற்குப் பொட்டு வைக்க யாருக்கும் கை எட்டாது. அதுவும் உள்ளே. பொட்டு வைத்தவை இருந்த இடத்திலேயே இருந்தன.

வேலை முடிந்து பூபதி காபி குடித்துக்கொண்டிருந்தான். “எப்படி மாப்ள, எல்லாஞ் சரியாயிருச்சா?” என்று கேட்டேன். அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோகிலாவிடம், “அம்மிணி, அந்தத் தூத்துக்குடி விஷயம்” என்று ஆரம்பித்தேன். அவள் வயரைத் தாண்டி உள்ளே போனாள்.

ஃப்ரிட்ஜ்தான் பதில் சொன்னது. “அவங்களாக் கேட்டாத்தானுங்க. எங்களுக்கெல்லாம் அப்படித்தான்.”

ஃப்ரிட்ஜ் என்னை ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடும். இத்தனை வருஷமாக அதன் காதில் விழுந்த என் பெயர் அது ஒன்றுதான்.

கோகிலா கேட்காமலும் இல்லை. நிறையவே கேட்டாள். “பால் வந்துருச்சுங்களா?” என்றாள். “வந்துருச்சு. அப்பறம் அம்மிணி, நானும்” என்றேன். ‘வந்துருச்சு’ வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மீதி அவள் திரும்பிய முதுகுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கேட்டதற்கு மேல் ஒரு சொல்லையும் உள்பெட்டி ஏற்றுக்கொள்ளாது. “கேஸ் மூடினீங்களா?” என்றால் மூடினேன். “மழை வர்ற மாதிரி இருக்குதுங்களா?” என்றால் இருக்கிறது. இப்படி வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்காத ஒன்றே ஒன்று தூத்துக்குடி.

அது ஏன் என்பதும் எனக்குத் தெரியும். அவள் கேட்டாயிற்று. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் அவள் கேட்டது. அதற்கு என் பதில் ‘பாக்கலாம்’ என்று பதிவாகிவிட்டது. இனி நானாக வந்து சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். கோகிலா ஒன்றை இரண்டாம் முறை கேட்கிற ஆளில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவள் அம்மா என்னிடம் சொன்ன விஷயம் இது.

வாய் வழி இல்லை என்று ஆனதும் போனில் செய்தி அனுப்பினேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. எதிரே நின்று கையை ஆட்டினேன். அவள் கொசு என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்திவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏதாவது கேள், எதையாவது கேள் என்று எனக்குள் தவித்தது. அவள் பெருமூச்சு விட்டு மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெளியே பேச எனக்கு ஒரு தடையும் இல்லை. வெளிப்பெட்டியில் இருப்பவர்கள் உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். கம்பெனியில் முதலாளியிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டு, என் கணக்கை முடிக்கச் சொல்லி, எனக்கு ஒரு சால்வையும் போர்த்திவிட்டார். இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். ஈஸ்வரியக்காவிடம் சொன்னேன். அவர், “அங்க கருவாடு நல்லாருக்கும் தம்பி” என்றார். தெரு முழுக்க, கணபதி முழுக்க, நான் மனைவியோடு தூத்துக்குடிக்குப் போகப்போகிற செய்தி பரவிவிட்டது. தெரியாதவள் என் மனைவி மட்டும்தான்.

“நீங்களே அவகிட்டச் சொல்லிருங்கக்கா” என்று ஈஸ்வரியக்காவைக் கெஞ்சினேன். அவரும் கிளம்பி வந்தார். எங்கள் கேட்டைத் திறந்தார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எதற்கு வந்தோம் என்பது போல முருங்கை மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இஸ்திரிக்காரரும் அப்படித்தான் கேட் வரைக்கும் வந்தார்.

பூபதியின் கடைக்குப் போனேன். அவன் கடையில் இருந்தால் வெளியாள், வீட்டுக்குள் வந்தால் உள்ளாள். கடையில் பேசலாம்.

“மாப்ள, என்னையும் உள்பெட்டிக்கு மாத்திவிடு.”

அவன் போனில் எங்கள் வெளிப்பெட்டியைத் திறந்து பார்த்தான். ஃப்ரிட்ஜ் இருந்தது, டிவி இருந்தது, எல்லாம் வரிசையாகப் பெயரோடு இருந்தன. கடைசியில் ‘பெயர் தெரியாத சாதனம்’ என்று ஒன்று.

“இது நீங்கதானுங்க மாமா” என்றான். “நல்லாத்தான் ஓடிட்டிருக்கறீங்க.”

“மாத்த முடியுமா முடியாதா?”

“உள்பெட்டி பாஸ்வேர்டு அக்காகிட்டத்தான் இருக்குது. அவங்ககிட்டக் கேட்டு வாங்கிக்குங்க.”

“நானா எப்படிக் கேக்கறது?”

அவன் யோசித்தான். கையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே இருந்தது.

“ஆமால்ல” என்றான். “உள்ள இருந்து வெளிய, அதாவது மேல இருந்து கீழ வர்றதுன்னா சுலபம் மாமா. வெளிப்பெட்டி பாஸ்வேர்டு பெட்டி மேலயே ஒட்டியிருக்குது, ஒரு பொட்டு வெச்சுக்கிட்டு யாரு வேணும்னாலும் வந்துக்கலாம். கீழ இருந்து மேல போறதுதான் செரமம்.”

“அப்ப நீ வந்து அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லு.”

“அக்கா கூப்பிட்டாத்தான் நான் உள்ள வரமுடியும். கூப்பிடாம வந்தா கேட்டுலயே நின்னுக்குவேன். நானே கட்டுனது, எனக்குத் தெரியாதுங்களா?” என்றான். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குள் எனக்குப் பல விஷயங்கள் குழம்பத் தொடங்கியிருந்தன. காலிங் பெல் அடித்தால் யார் என்று பெல் கேட்கும், நானும் கேட்பேன், வந்தவர் யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பார். கோகிலா போனில் மோட்டாரைப் போட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன். அவள் நிறுத்தினால் உட்கார்ந்துவிடுவேன். பசி வந்தால் அது என் பசியா, ஃப்ரிட்ஜ் காலியாக இருப்பதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. டிவி மட்டும் என்னிடம் அன்பாக இருந்தது. தூத்துக்குடியில் ரெண்டு பேருக்கு அளவான வீடுகளாகப் பார்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டின் மாடியில் துணி காயப்போடக் கம்பி கூட இருந்தது. எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது.

“ரிப்பேர் ஆயிருங்க” என்றது ஃப்ரிட்ஜ். “அப்பத்தான் என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. வாஷிங் மெஷின் அப்படித்தான் பண்ணும்.”

அது நல்ல யோசனையாகப் பட்டது. வியாழக்கிழமை காலை நான் ரிப்பேர் ஆனேன். காபியைத் தொடவில்லை. சோபாவில் அசையாமல் உட்கார்ந்து ஒரு கண்ணை மட்டும் மூடி மூடித் திறந்தேன். கோகிலா வந்து நின்று பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள். அவள் கை குளிர்ச்சியாக இருந்தது. அவள் வாய் கேட்பதற்குத் திறந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“பூபதி, மாமா சரியா ஓடலடா.”

“சித்த நேரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கக்கா.”

அவள் எனக்குத் தலையணை வைத்து, “கொஞ்சம் தூங்குங்க” என்றாள். அது கேள்வி இல்லை. நான் தூங்கினேன். எழுந்தபோது அவள் வங்கிக்குப் போயிருந்தாள். என் காபியைச் சூடாக்கி மூடி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஹால் பல்பு கொஞ்சம் மங்கலாக எரிந்தது.

அன்று மாலை அவள் தம்பியோடு போனில் பேசியது சமையலறை வரைக்கும் கேட்டது. காதால் கேட்பதற்கு எனக்குத் தடையில்லை.

“நாளைக்கு வேண்டாம்னு சொல்லிப்போடறேன்டா” என்றாள். “அவரு வாயே தொறக்கல. பாக்கலாம்னு சொன்னாரு, அத்தோட சரி. பம்ப உட்டுப்போட்டு வர மனசில்லையாட்ட இருக்குது. நான் மட்டும் போய் அங்க தனியா உக்காந்து என்ன பண்றது?”

கடையில் இருக்கும் பூபதி வெளியாள், அவளாகக் கேட்காத என் விஷயத்தை அவனாலும் சொல்ல முடியாது. டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி உச்சுக்கொட்டியது.

“பாரு, பல்லியே சொல்லிருச்சு” என்றாள் கோகிலா.

பல்லியால் அவளிடம் பேச முடிகிறது. நான் நிமிர்ந்து அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்காமல் ஒரு பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு பல்லி மேல் பொறாமை வந்தது.

கோகிலா கோலம் போட வாசலுக்குப் போன நேரத்தில் நான் ஃப்ரிட்ஜ் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

“காலையில அவ உங்கிட்டப் பேசுவா” என்றேன். “அப்ப என் விஷயத்தச் சொல்லிரு.”

“என்ன இருக்குதுன்னு கேப்பாங்க. உள்ள இருக்கறதத்தானுங்க நான் சொல்ல முடியும்.”

“நான் கூட வர்றேன்னு சொல்ல முடியாதா?”

“அது உள்ள இல்லீங்களே.”

ஃப்ரிட்ஜ் பொய் சொல்லாது. சாம்பார் விஷயத்திலேயே பார்த்தோம். நான் அறைக்குப் போய் ஊருக்கு எடுத்துப்போகிற சட்டைகளை மடித்துக் கொண்டுவந்தேன். வேட்டியை மடித்தேன். ஃப்ரிட்ஜ் எங்கே இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தது. தோசை மாவைக் கீழே தள்ளி அந்த இடத்தில் சட்டைகளை வைத்தேன். வேட்டி காய்கறிப் பெட்டியில் கொத்தமல்லிக்கு அடியில் போனது. பனியன்களைச் சுருட்டி முட்டைத் தட்டில் அடுக்கினேன். முட்டை தீர்ந்திருந்தது வசதியாகப் போயிற்று. ஷேவிங் செட்டைப் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பெனியில் போர்த்திய சால்வையும் கடைசியில் உள்ளே போய்விட்டது. கதவைச் சாத்தியபோது ஃப்ரிட்ஜ் கொஞ்சம் முனகியது, ஆனால் மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை கோகிலா புடவை கட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஒரு கையில் போன் இருந்தது. வேண்டாம் என்று எழுதி வைத்திருந்த செய்தி அதில் திறந்திருந்தது, அனுப்பவில்லை. இன்னொரு கையில் கரண்டி. நான் வாசற்படியில் நின்றேன்.

“உள்ள என்ன இருக்குது?” என்று ஃப்ரிட்ஜைக் கேட்டாள்.

“பால் ஒரு பாக்கெட். தோசை மாவு. அரை மூடி தேங்கா. தயிர் அடியில கொஞ்சம்” என்றது ஃப்ரிட்ஜ். “அவரு சட்டை நாலு, மடிச்சது. வேட்டி ரெண்டு. பனியன் முட்டைத் தட்டுல. ஷேவிங் செட். சால்வை ஒண்ணு. கொத்தமல்லி வாடிருச்சு.”

கோகிலா கதவைத் திறந்து பார்த்தாள். சட்டை மேல் கையை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் முதல் தடவையாக, பாலையோ கேஸையோ பற்றி இல்லாமல், என்னைக் கேட்டாள்.

“இதெல்லாம் எதுக்குங்க ஃப்ரிட்ஜுல வெச்சீங்க?”

“நீ தெனமும் அதுகிட்டத்தான் கேக்கற” என்றேன்.

அது அப்படியே போய்ச் சேர்ந்தது. அவள் கரண்டியை மேடையில் வைத்தாள்.

“எங்க கெளம்பறீங்க?”

“தூத்துக்குடிக்கு.”

“அங்க என்ன?”

“நீ.”

கோகிலா திரும்பி, சட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எனக்குப் பயமாக இருந்தது. இத்தோடு நிறுத்திவிட்டால் இத்தோடு நின்றுவிடும். தயிரும் பாலும் வெளிக்காற்றில் இருந்தன. கதவு திறந்திருப்பதாக ஃப்ரிட்ஜ் மெதுவாக மணி அடித்தது.

“பம்பு கம்பெனி?” என்றாள்.

“நின்னுட்டேன். அந்தச் சால்வை அதுக்குப் போட்டதுதான்.”

“எப்ப முடிவு பண்ணுனீங்க?”

“நீ ஸ்டூலப் புடிச்சிட்டிருந்தப்பவே.”

“அப்பறம் ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?” அவள் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினாள். “தெருவே கருவாட்டப் பத்திப் பேசுது, எனக்கு ஒண்ணும் வெளங்கல. எங்கிட்ட மட்டும் சொல்ல முடியலையா உங்களுக்கு?”

“முடியல.”

“நான் கேட்டுத்தான் நீங்க சொல்லோணுமா?”

“ஆமா” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்தாள். போனில் இருந்த செய்தியை அழித்தாள். பிறகு பூஜை அலமாரியைத் திறந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். காய்ந்து போயிருந்த சந்தனத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அந்த இடத்தில் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்துக்கொண்டாள். மிச்சத்தில் போனுக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று.

“இப்பக் கேக்குதா?” என்றேன். அவளைக் கேட்டேன். நானாகக் கேட்டேன்.

“கேக்குதுங்க” என்றாள். “கத்தாதீங்க.”

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பேசினோம். ஒருவர் பேசியது மற்றவருக்குச் சரியாகப் புரியவில்லை. அவள் வீடு எப்படி இருக்கும் என்கிறாள், நான் மாடியில் கம்பி இருக்கிறது என்கிறேன். டிவி அந்த வீட்டைக் காட்டியது. ரெண்டு பேருக்கு அளவாக இருந்தது. கோகிலா வங்கிக்குப் போன் செய்து சரி என்று சொன்னாள். வெளியே பேச எங்கள் பக்கத்தில் தடையில்லை, முதல் மணியிலேயே கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்புவதென்று முடிவு செய்தோம். ஃப்ரிட்ஜும் கூட வருவதாக இருந்தது. சட்டையை வெளியே எடுத்து அடுக்கி, மறுபடி உள்ளே வைப்பது வீண் வேலை என்று பனியன்களை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்தோம்.

சாயங்காலம் இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். உள்பெட்டியில் இப்போது பல்லி மட்டும்தான் இருந்தது. வீட்டில் கேள்வி கேட்கிற இடத்தில் இருந்தது அது ஒன்றுதான். அது டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, சுவரில் கொஞ்ச தூரம் இறங்கி, எங்களுக்கு நேராக நின்றது.

“எப்பக் கெளம்பறீங்க?” என்று கேட்டது.

“திங்கக்கெழம” என்றோம் நாங்கள் எல்லோரும்.

பல்லி வாலை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டது.

“நானும் கூட வரட்டுங்களா?”

வா என்றோம். முட்டைத் தட்டில் இடம் இருப்பதாக ஃப்ரிட்ஜ் சொன்னது.